பேர் கொடுத்தவர்

அந்தத் தாளை ரைப் பண்ணினது நான்தான். 2015 மார்ச் மாதம். கிழக்குக் கரையில், அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்குடாவில் சீசன் தொடங்க இன்னும் ஒரு மாதம் கிடந்தது. பொத்துவில் ரவுணில் போட்டோக் கொப்பிக் கடையின் ஓரத்தில் எனக்கு ஒரு மேசையும் ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் இருந்தன. விண்ணப்பப் படிவம் நிரப்புவது, கடிதம் எழுதுவது, ஆங்கிலத்தில் வந்த தாளைத் தமிழில் சொல்லிக் கொடுப்பது, இதுதான் தொழில். அன்றைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் ராத்தாவின் (அக்காவின்) மாப்பிள்ளை, என் மச்சான். மற்றவர் நாலு வருசமாகச் சீசனுக்குச் சீசன் பலகையோடு வந்துபோகும் ஓர் ஐரோப்பியர், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். மெயின் பொயின்ர் என்ற பெரிய அலை அடிக்கிற இடத்தில் அலை ஓடுகிற எங்கள் பையன்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது கெட்ட வெள்ளைக்காரன் ஒருவன் எங்களை ஏமாற்றிய கதை இல்லை.

அறுகம்குடாக் கரையை ஒட்டிய உல்லையில் ராத்தாவுக்குச் சீதனமாகக் கொடுத்த இருபது பேர்ச் (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) காணி இருந்தது. அதில் அந்த ஐரோப்பியர் தன் காசில் ஆறு கபானா, அதாவது தங்கும் குடில், கட்டுவார். பதினைந்து வருசம் நடத்துவார். மாதம் இருபத்தையாயிரம் ரூபா வாடகை, இலாபத்தில் ஒரு பங்கு. வியாபாரப் பதிவு, பிரதேச சபை அனுமதி, சுற்றுலாச் சபைப் பதிவு, மின்சாரம், தண்ணீர் எல்லாம் மச்சானின் பேரில். இரண்டு பக்கம், இரண்டு சாட்சி. நான் ஒருதரம் கேட்டேன், எல்லாம் உங்கட பேர்லயா மச்சான் என்று. அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "பேரைத்தானே கேக்கான், காணியக் கேக்கல்லயே."

பத்து வருசமாக இந்த வசனத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அந்த இரண்டு பக்கத் தாளுக்குச் சட்டத்தில் பெறுமதி ஏதும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று சொல்வார்கள். காணியில் உரிமை கொடுக்கிற எந்த ஆவணமும், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும், நொத்தாரிசு (காணி உறுதி எழுத அதிகாரம் பெற்றவர்) முன்னால் எழுதப்பட வேண்டும் என்பது அதன் விதி. நாங்கள் எழுதிய பதினைந்து வருசக் குத்தகை ஒரு நொத்தாரிசின் மேசையையும் காணவில்லை.

ஏன் போகவில்லை? பயந்துதான். 2014இல் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வந்தது. காணி பராதீனப்படுத்தலை, அதாவது காணி கைமாறுவதை, மட்டுப்படுத்தும் சட்டம். வெளிநாட்டவருக்கும், வெளிநாட்டுப் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனிக்கும் காணியை விற்க முடியாது. 2013 ஜனவரி 1 முதல் செல்லும்படியாக அதைப் பின்னோக்கிப் போட்டார்கள். மாடிக் குடியிருப்புகளில் நாலாம் மாடியிலும் அதற்கு மேலும் வாங்கலாம் என்பது போன்ற விதிவிலக்குகள் உண்டு, ஆனால் உல்லையில் நாலாம் மாடி எங்கே இருக்கிறது? எங்களுக்குப் பொருந்தியது குத்தகை மட்டும். 99 வருசம் வரைக்கும் குத்தகைக்குக் கொடுக்கலாம், அதில் தடை இல்லை. ஆனால் அந்த நேரத்தில் குத்தகைத் தொகை முழுவதற்கும் 15 வீத வரி இருந்தது. எங்கள் கணக்கில் பதினைந்து வருச வாடகை நாற்பத்தைந்து இலட்சம். வரி ஆறே முக்கால் இலட்சம், கபானாவில் ஒரு கம்பு ஊன்றுவதற்கு முன்னால் கட்ட வேண்டும். பிறகு அந்த வரியை அரசாங்கம் நீக்கிவிட்டது. எங்கள் தாள் அதற்கு முன்பே எழுதி முடிந்துவிட்டது.

வெளிநாட்டவர் இலங்கையில் சுற்றுலாத் தொழில் செய்யச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், பலரும் நினைப்பதைவிடத் தாராளமாகவே சொல்கிறது. ஹோட்டல் ஒன்றை முழுக்க முழுக்க வெளிநாட்டு மூலதனத்தில் நடத்தலாம். பயண முகவர் நிறுவனம் என்றால் வெளிநாட்டுப் பங்கு 40 வீதம் வரை, அதற்கு மேல் முதலீட்டுச் சபையின் அனுமதி வேண்டும். சில்லறைக் கடை என்றால் 50 இலட்சம் டொலருக்குக் குறைந்த வெளிநாட்டு முதலுக்கு இடமே இல்லை. அறுகம்குடாப் பாதையில் நடந்துபோகிறவர் கடைகளைப் பார்த்துவிட்டு இந்த வரியைத் திரும்ப ஒருதரம் வாசிக்க வேண்டும். வழிகாட்டித் தொழில் நம்முடைய ஆட்களுக்குரியது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று தரம் பிரித்து உரிமம் கொடுக்கிறது.

முதலீட்டுச் சபை 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அதன் 16ஆம் பிரிவின் வழியாக வருகிற வெளிநாட்டு முதலீட்டுக்குக் குறைந்தது 250,000 டொலர் காட்ட வேண்டும். எங்கள் ஆளிடம் இருந்தது 38,000 யூரோ. அவர் பத்து வருசம் தச்சு வேலை செய்து சேர்த்த காசு. சபைக்குப் போகாமல் 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தில் ஒரு கம்பனி பதியலாம்தான். உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றை வங்கியில் திறந்து, அதன் வழியாகக் காசைக் கொண்டுவரலாம்; அப்படிக் கொண்டுவந்தால்தான் பிறகு விற்றுவிட்டு வெளியே கொண்டுபோகவும் முடியும். ஆனால் கம்பனி பதிந்தால் மட்டும் இங்கே தங்கிவிட முடியுமா? வதிவிட விசா வேண்டும், அதற்கு அரச நிறுவனம் ஒன்றின் பரிந்துரை வேண்டும். கம்பனிச் செயலாளர், கணக்காளர், சட்டத்தரணி எல்லோரும் கொழும்பில். பொத்துவிலிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல், இராப் பஸ்ஸில் ஏறினால் விடியப்புறம் இறங்கலாம்.

பெரிய முதலாளிக்குக் கதவு இருக்கிறது, அவருக்குத் திறந்துவிடவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆறு கபானா கட்ட நினைக்கிற தச்சனுக்குக் கதவு எங்கே என்று தெரிவதில்லை. அவர் உள்ளே வருகிற வழி என் மச்சானைப் போன்ற ஒருவரின் பேர். அறுகம்குடாவில் மட்டுமல்ல, எல்ல, மிரிஸ்ஸ, உனவட்டுன என்ற சுற்றுலா ஊர்களிலும் இதே வழிதான். பினாமி என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. "பேர் குடுத்திருக்கார்" என்பார்கள். கேட்க ஓர் உபகாரம் மாதிரி இருக்கும்.

அந்த வருசம் மச்சான் அலைந்த அலைச்சலைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், ஏனென்றால் படிவங்களை நிரப்பியது நான். கிராம சேவகரிடம் ஒரு சான்றிதழ். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பேர்ப் பதிவு. பிரதேச சபையில் கட்டட வரைபடத்துக்கு அனுமதி, பிறகு வியாபார அனுமதிப்பத்திரம். கடலோரம் என்பதால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். எங்கள் ஊர்க்காரருக்கு இந்தத் திணைக்களத்தின் பேரைக் கேட்டாலே நெஞ்சு கொஞ்சம் இறுகும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்ட முடியாது என்று அரசாங்கம் கோடு போட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். சனங்கள் கொட்டிலில் இருந்துகொண்டு, எங்கட வளவில ஹோட்டல் கட்டப்போறாங்க என்று பேசிக்கொண்டார்கள். பிறகு அந்த அளவைத் தளர்த்தினார்கள். ஆனால் கரையில் யாருக்கு என்ன அனுமதி என்ற கேள்வி எங்களுக்கு அப்போதிருந்தே வெறும் படிவக் கேள்வி இல்லை.

பிறகு சுற்றாடல் பாதுகாப்பு அனுமதி, கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ) வந்து குசினியைப் பார்ப்பார். பொலிஸ் அறிக்கை. கடைசியில் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் உள்ள அதிகாரம் அது. முன்பு 1966இல் தொடங்கிய சுற்றுலாச் சபையின் இடத்துக்கு வந்தது. உரிமத்தை வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும்.

எல்லாப் படிவத்திலும் ஒரு கேள்வி இருந்தது: உரிமையாளரின் பெயர். எல்லாவற்றிலும் மச்சானின் பேரை எழுதினேன். முதல் படிவத்தில் எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஏழாவதில் தயங்கவில்லை.

2016, 2017, 2018 மூன்று சீசனும் நன்றாகப் போயின. 2009இல் போர் முடிந்த வருசம் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 447,890 பேர். 2018இல் 2,333,796. உல்லையில் ஏப்ரல் முடிந்தால் ரூம் கிடைக்காது. மச்சான் மோட்டார் சைக்கிள் வாங்கினார். ராத்தா கபானாவுக்குச் சோறு கறி சமைத்துக் கொடுத்தா, வெளிநாட்டுப் பிள்ளைகள் அவவிடம் ரொட்டி தட்டப் பழகினார்கள்.

அந்த நல்ல காலத்திலேயே ஒரு முடிச்சு விழுந்திருந்தது. கவனித்தவன் நான்தான், சொல்லாமல் இருந்தவனும் நான்தான். பதிவு பெற்ற இடங்கள் சுற்றுலா அபிவிருத்தி அறவீடு கட்ட வேண்டும். 2003ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் வந்தது, மொத்த வருமானத்தில் 1 வீதம். இலாபத்தில் இல்லை, புரள்வில். மச்சானின் புரள்வு எவ்வளவு? மச்சானுக்கே தெரியாது. பெரும்பாலான ஆட்கள் ஒரு கிழமைப் பொதியாக, தங்குமிடமும் அலைப் பயிற்சியும் யோகாவும் சேர்த்து, ஐரோப்பாவில் இருக்கிற ஒரு கணக்குக்குக் காசு கட்டிவிட்டு வந்தார்கள். இங்கே கையில் வந்தது சாப்பாட்டுக் காசும் ஓட்டோக் காசும். பத்திரத்தில் அவர் உரிமையாளர், ஆனால் அவருடைய வியாபாரத்தின் வருமானம் அவர் காணாத ஒரு வங்கியில் கிடந்தது. பங்காளியான அந்த ஐரோப்பியர் சொன்ன கணக்கை எழுதிக் கையொப்பம் வைத்தார். அது பொய்க் கணக்கு என்று நான் சொல்லவில்லை. உண்மையா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழியும் இருக்கவில்லை.

அலை பழக்குகிற எங்கள் பையன்களின் மனக்குறையும் இதில்தான் தொடங்குகிறது. ஐந்து வயதிலிருந்து சின்ன அலை அடிக்கிற பேபி பொயின்ரில் விழுந்து எழும்பிய பிள்ளைகள். வெளிநாட்டு அலைப் பயிற்சி முகாம்கள் சுற்றுலா விசாவில் தங்கள் நாட்டுப் பயிற்சியாளரைக் கூட்டிவரும்போது, அந்தப் பிள்ளைகள் பலகை தூக்கிக் கொடுப்பவர்களாகிறார்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. 1948ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் எங்கள் நாட்டின் பழைய சட்டங்களில் ஒன்று. ஆனால் கரையில் நின்று ஒருவன் இன்னொருவனுக்கு எழும்பி நிற்கச் சொல்லிக் கொடுப்பது வேலையா, நட்பா என்று அந்த நேரத்தில் யார் வந்து கேட்பது?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல். சீசனின் வாசலில் எல்லாம் நின்றது. அந்த வருசம் எப்படியோ இழுத்தார்கள். ராத்தாவின் நகையை வைத்து மச்சான் கடன் எடுத்தார், கூரை மாற்ற. கடனும் அவர் பேரில், ஏனென்றால் வியாபாரம் அவர் பேரில். 2020 மார்ச்சில் விமான நிலையம் மூடியது. பங்காளி அப்போது தன் ஊரில் இருந்தார். 2021 ஜனவரி 21இல்தான் சுற்றுலாப் பயணிகளுக்குத் திரும்பத் திறந்தார்கள்; அந்த வருசம் முழுக்க நாட்டுக்கு வந்தவர்களே 194,495 பேர். பிறகு 2022. எரிபொருள் வரிசை, மின்வெட்டு, 200 ரூபாவில் நின்ற டொலர் 360க்குப் போனது.

கடிதங்கள் வரத் தொடங்கின. மின்கட்டணம், வங்கி, அறவீட்டு நிலுவை. ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. அந்தக் கடிதத்தை வாசிக்க மச்சான் அம்பாறைக்குப் போய் ஆள் பிடித்தார். அதில் இருந்த கடைசித் திகதி அதற்குள் முடிந்திருந்தது.

பங்காளி 2022 கடைசியில் வந்தார். மெலிந்திருந்தார். போட்ட காசில் பாதியாவது வேண்டும் என்றார். அவர் கேட்டது நியாயம். ஆனால் காட்ட என்ன இருந்தது? காசு உள்முக முதலீட்டுக் கணக்கில் வரவில்லை. ஏரிஎம்மில் எடுத்ததும் கையில் கொண்டுவந்ததும். கட்டடம் ராத்தாவின் காணியில். உரிமம் மச்சானின் பேரில். அவரிடம் இருந்தது நான் ரைப் பண்ணிய இரண்டு பக்கம். அதை என் மேசையில் வைத்து, "இதை நீதானே எழுதினாய்" என்றார். கோபத்தில் கேட்கவில்லை. அதற்கு என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில் இல்லை.

மச்சானின் பக்கம் பார்த்தால் அவரும் முழுகித்தான் இருந்தார். ஏழு வருசம் உரிமையாளர் என்று கையொப்பம் வைத்தவருக்கு மிஞ்சியது கடன். ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரை வைத்து ராத்தாவின் வீட்டு விறாந்தையில் இரண்டு நாள் பேசினோம். ஒரு தொகை முடிவானது, ஒவ்வொரு சீசன் முடிவிலும் ஒரு பகுதி கொடுப்பதென்று. கொடுத்து வருகிறார்கள். நீதிமன்றம் போயிருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது என்று ஒரு சட்டத்தரணி எங்களிடம் சொன்னார். ராத்தா அதைக் கேட்டுவிட்டு, "சட்டம் அப்படிச் சொன்னாலும் அந்தப் புள்ளட காச நாங்க சாப்பிட ஏலாது" என்றா.

2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒரு கேளிக்கைக்கு விளம்பரம் வந்தபோது நாடே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான், எனக்கும் இரத்தம் ஏறியது. நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. 2022 போருக்குப் பிறகு ரஷ்ய, உக்ரேனியப் பயணிகளுக்குக் கொடுத்து வந்த விசா நீடிப்பும் அதே மாதத்தில் முடிவுக்கு வருவதாக அறிவித்தார்கள். அனுமதியில்லாமல் கடை நடத்துகிறார்கள், வரி கட்டுவதில்லை, எங்கள் பிழைப்பில் மண் போடுகிறார்கள் என்று பேச்சு. அந்தப் பேச்சில் உண்மை இருந்தது. ஆனால் யாரும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: அந்தக் கடைச் சுவரில் தொங்குகிற அனுமதிப்பத்திரத்தில் யாருடைய பேர் இருக்கிறது? வெளிநாட்டவரை விமானத்தில் ஏற்றிவிடலாம். பேர் கொடுத்தவன் ஊரில்தான் இருப்பான், கடிதங்கள் அவன் வீட்டுக்குத்தான் வரும்.

தாய்லாந்தில் இதை நேருக்கு நேர் எழுதி வைத்திருக்கிறார்கள். 2008ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில், வழிகாட்டிச் சட்டத்தின்படி சுற்றுலா நிறுவனத்தில் 51 வீதமாவது தாய்லாந்துக்காரருடையதாக இருக்க வேண்டும், இயக்குநர்களில் பாதிக்கு மேல் அந்நாட்டவராக இருக்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் வெளிநாட்டு வியாபாரச் சட்டம் வெளிநாட்டவருக்காகப் பேர் கொடுக்கிற தாய்லாந்துக்காரரையே குற்றவாளி ஆக்குகிறது. மூன்று வருசம் வரை சிறை, பத்து இலட்சம் பாத் வரை தண்டம். அப்படியும் அங்கே பினாமி ஒழியவில்லை. தண்டனையை மட்டும் இங்கே கொண்டுவந்தால் என் மச்சான் மாதிரி ஆட்கள்தான் உள்ளே போவார்கள். அதனால் அதை நான் கேட்க மாட்டேன்.

நான் கேட்பது மிகச் சிறியது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் யூரோவோடு வருகிறவனுக்கு என்று ஒரு வரிசை வேண்டும். ஊர்க்காரர் ஒருவரோடு பங்காளியாக, இரண்டு பேரின் பேரும் ஒரே உரிமத்தில், யார் எவ்வளவு போட்டார் என்பதும் காசு எந்தக் கணக்கில் வருகிறது என்பதும் அதிலேயே எழுதி. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை, சீசன் மாதங்களிலாவது, அதிகாரம் உள்ள ஓர் அலுவலர் பொத்துவிலில் இருக்க வேண்டும், தமிழில் பேச வேண்டும். உரிமையாளர் என்ற கட்டத்துக்குக் கீழே, இங்கே பேர் எழுதுகிறவர் கடனுக்கும் வரிக்கும் பொறுப்பு என்று தமிழில் ஒரு வரி அச்சடிக்க வேண்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் மச்சான் ஏழு படிவத்தில் ஒன்றிலாவது நின்றிருப்பார். நானும் நின்றிருப்பேன்.

2022 ஜனவரி முதல், வெளிநாட்டவரைக் கல்யாணம் முடிக்கிறவர்கள் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. கல்யாணத்துக்கு அவ்வளவு தூரம் பார்க்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, ஒரு பெண்ணின் சீதனக் காணியில் எழும்புகிற கட்டடத்தைப் பார்ப்பது பெரிய வேலை இல்லை. எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண் பிள்ளைக்குத்தான் எழுதுவது. பேர் கொடுப்பது ஆண், போவது பெண்ணின் காணி. இதைக் கணக்கில் எடுக்காத எந்த விதியும் இந்தக் கரைக்குச் சரிவராது.

போன மாதம் ஒரு பையன் வந்தான். வயது இருபத்திரண்டு, அலை பழக்குகிறவன். கூட ஒரு வெளிநாட்டுப் பெண்பிள்ளை, போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து வைத்திருந்தா. கடல் பார்த்த வளவில் நாலு ரூமும் ஒரு தேத்தண்ணிக் கடையும். "ரெண்டு பக்கம் அடிச்சித் தாங்க காக்கா, பேர் என்ட பேர்ல" என்றான்.

காணி யாருடையது என்று கேட்டேன். உம்மாடது என்றான்.

உம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். முகம் சுருங்கிப் போனான், ஆனால் போனான். அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்று பேரும் வந்தார்கள். நான் கணினியைத் திறக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டினேன்: காணி யாருடையது, கட்டடம் யாருடையது, காசு எந்த வழியால் வரும், கடன் வந்தால் யார் வீட்டுக்கு வரும், அந்தப் பிள்ளைக்கு விசா எந்த விசா. போன் அதை அந்தப் பிள்ளையின் மொழியில் சொல்லச் சொல்ல அவவின் முகமும் மாறிக்கொண்டே வந்தது. அவவுக்கும் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

உம்மா கடைசி வரைக்கும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு தாளை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நொத்தாரிசுட வீடு எந்தப் பக்கம் என்று கேட்டா.